வாவியில் பாடுவது யார்?

மட்டக்களப்பு வாவியில் இரவில் எழும் அந்த இசை மீனுடையதா, ஊரியுடையதா, வெறும் தண்ணீருடையதா என்பது இன்றுவரை அறுதியிட்டுச் சொல்லப்படவில்லை. சொல்லாமலே விட்டுவிடலாம் என்று ஒரு கட்சி இருக்கிறது. கடற்கரைச் சாலையில் என்னோடு மாலை நடை வரும் நண்பர்களில் பாதிப் பேர் அந்தக் கட்சிதான். "எல்லாவற்றிலும் ஒயரை மாட்டித்தான் பார்க்க வேண்டுமா சார்? அழகாக ஒன்று இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே" என்கிறார்கள். நான் எதிர்க்கட்சி. அந்த வாவியில் நான்கு கழி நட்டு, நான்கு ஒலிவாங்கிகளைத் தண்ணீருக்குள் இறக்க வேண்டும், அதுவும் சீக்கிரம் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள மட்டக்களப்புக்கு 'மீன் பாடும் தேன்நாடு' என்று பெயர். கடலோடு முகத்துவாரத்தில் சேரும் நீளமான வாவி அது. பல இடங்களில் ஓர் ஆள், இரண்டு ஆள் ஆழம்தான். மழையில்லாத மாதங்களில், சுமாராக ஏப்ரலிலிருந்து செப்டம்பர்வரை, நிலா வெளிச்சமுள்ள அமைதியான இரவில் கல்லடிப் பாலத்தின் பக்கம் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதில் வைத்தால் இசை கேட்கும் என்பார்கள். பௌர்ணமி இன்னும் விசேஷம்.

இது வெறும் ஊர்க்கதை இல்லை. 1848-இல் இலங்கை அரசாங்கத்தின் காலனியச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட் அங்கே போய்க் கேட்டிருக்கிறார். 1859-இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய பெரிய நூலில் அதை எழுதியும் வைத்தார். மேலதிகாரி ஒருவர் சம்பவ இடத்துக்கே போய் விசாரித்து அறிக்கை எழுதியிருக்கிறார் என்பதே எனக்கு மகிழ்ச்சி! அவர் கேட்டது நீண்ட ஒற்றை ஸ்வரம் இல்லை. தனித்தனியான பல சின்ன ஒலிகள், சில உச்சத்தில், சில அடித்தொண்டையில். தோணியின் மரத்தில் காதை வைத்தபோது இன்னும் பலமாகக் கேட்டதாம். அதற்கப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். தோணியை அங்கும் இங்கும் ஓட்டச் சொல்லிக் கேட்டார். சில இடத்தில் ஒலி கூடியது, சில இடத்தில் அடியோடு நின்றது, பழைய இடத்துக்குத் திரும்பினால் மறுபடி கேட்டது. ஆகவே ஒலி எழுப்புவது ஓடித் திரியும் மீனாக இருக்க முடியாது, ஓரிடத்தில் கிடக்கும் சங்கு சிப்பி வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினார். அந்த ஊர் வலைஞர்களும் அவரிடம் ஊரிதான் அழுகிறது என்றே சொன்னார்கள்.

அடுத்துக் கேட்டவர் நம்மில் பலருக்கு இன்னும் நெருக்கமானவர், சுவாமி விபுலானந்தர். காரைதீவில் பிறந்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, பிறகு துறவியானவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகவும் இருந்தார். 1947-இல் வெளியான அவருடைய 'யாழ் நூல்' பழந்தமிழ் இசையின் சுருதிகளைக் கணக்குப் போட்டு ஆராய்கிற நூல். அந்த நூலுக்குள் இந்த வாவி இசையை நீரர மகளிர் பாடும் பாட்டாக வைத்து ஒரு செய்யுள் பகுதியும் உண்டு. விஞ்ஞானம் படித்த துறவிக்கு அது தேவமாதர் பாட்டாகக் கேட்டிருக்கிறது, எதையும் ரசிக்கிற வெள்ளைக்கார அதிகாரி அங்கே சிப்பியைத் தேடியிருக்கிறார். இரண்டு பேரையும் நான் மதிக்கிறேன்.

1950களில் ஓர் அமெரிக்க இயேசு சபைக் குருவானவர், ஃபாதர் லாங் என்பவர், அந்த ஒலியைப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. இலங்கை வானொலி என்றாலே சினிமாப் பாட்டு என்று நினைக்கிற நம் தலைமுறைக்கு இது ஒரு தகவல்.

சரி, அதிகாரி கேட்டார், அறிஞர் கேட்டார், பாதிரியார் பதிவே செய்துவிட்டார். இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கலாம். இதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு காதோ ஒரு ஒலிவாங்கியோ ஒலி இருக்கிறது என்று சொல்லும். எங்கிருந்து என்று சொல்லாது.

காற்றில் நமக்கு இரண்டு காதுகள் போதும். முதுகுக்குப் பின்னால் யாராவது கூப்பிட்டால் சரியான பக்கம் திரும்புகிறோம். காரணம், ஒலி ஒரு காதுக்கு முன்பும் மறு காதுக்குச் சற்றுப் பின்பும் வந்து சேருகிறது. அந்த வித்தியாசம் நொடியைப் பத்தாயிரமாகப் பிரித்தால் அதில் ஆறேழு பங்கு, அதற்கு மேல் போகாது. அந்தத் துளி நேரத்தை மூளை கணக்குப் பார்த்துவிடுகிறது. தண்ணீருக்குள் ஒலி நாலு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் ஓடுவதால் அந்தத் துளியும் நாலில் ஒன்றாகச் சுருங்கிவிடுகிறது. அதனால் முத்துக்குளிப்பவரானாலும் சரி, கஸ்தோ போன்ற பெரிய முக்குளிப்பாளரானாலும் சரி, தண்ணீருக்குள் ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று வெறும் காதால் சொல்ல முடியாது. (அந்தக் கஸ்தோ தம் புத்தகத்துக்கும் 1956-இல் வந்த படத்துக்கும் 'மௌன உலகம்' என்று பெயர் வைத்தார். அழகான பெயர். ஆனால் உண்மை இல்லை. கடலைப்போல் சத்தம் நிறைந்த இடம் குறைவு.)

தண்ணீரில் ஒலியின் வேகத்தை ஒழுங்காக அளந்த கதை எங்கள் பிரெஞ்சுப் பாடப்புத்தகத்தில் இருந்தது. 1826-இல் கொலாதோன், ஸ்தூர்ம் என்ற இரண்டு இளைஞர்கள் லேமான் ஏரியில் செய்தார்கள். மற்றவர்கள் ஜெனீவா ஏரி என்பார்கள், எங்களுக்கு அது லேமான்தான். ஏரியின் ஒரு கரையில் ரோல், எதிர்க்கரையில் தோனோன். இடையில் சுமார் பதின்மூன்றரை கிலோமீட்டர். ஒரு படகில் மணியைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டு அடிப்பார்கள். அடிக்கும் அதே கணத்தில் மேலே வெடிமருந்து பற்றிக்கொள்ளும். மறு படகில் கொலாதோன் நீண்ட தகரக் குழாயைத் தண்ணீரில் விட்டுக் காதை வைத்துக்கொண்டு, வெளிச்சத்தைக் கண்டதும் கடிகாரத்தை ஓடவிட்டு, மணிச்சத்தம் கேட்டதும் நிறுத்துவார். ஒன்பதரை நொடிக்குச் சற்றுக் குறைவு. நொடிக்கு 1,435 மீட்டர் என்று கணக்கு வந்தது. தண்ணீர் 8 டிகிரிக் குளிரில் இருந்தது. இன்றைய கருவிகளின் கணக்குக்கு மிக அருகில் வரும் விடை அது. காற்றில் அதே தூரத்தைக் கடக்க ஒலிக்கு நாற்பது நொடி பிடிக்கும். கொலாதோனின் தகரக் குழாயும் மட்டக்களப்பான் காதில் வைக்கும் துடுப்பும் ஒன்றுதான் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பௌதிக வகுப்பு இன்னும் பிடித்திருக்கும்.

இப்போது நான்கு கழிக்கு வருகிறேன். வாவியில் 15 மீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் நான்கு மூலையிலும் ஒவ்வொரு ஒலிவாங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை. ஓர் ஒலி எழுந்தால் அது நான்கையும் நான்கு வெவ்வேறு நேரத்தில் தொடும். வித்தியாசம் அதிகம் போனால் நொடியில் நூறில் ஒரு பங்கு, குறுக்கு மூலை என்றால் சற்றுக் கூடும். இரண்டு ஒலிவாங்கிகளின் நேரத்தை வைத்தால் ஒலி இன்ன வளைகோட்டில் எங்கோ இருக்கிறது என்று தெரியும். மூன்றாவதைச் சேர்த்தால் வளைகோடுகள் வெட்டிக்கொண்டு இடம் புலப்படும். நான்காவது, முதல் மூன்றும் சொன்னது சரியா என்று பார்க்க. எங்கள் அலுவலகத்தில் கூட்டல் போட்டவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்றுதான் வழக்கம். கடிகாரத்தில் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் இடத்தில் ஒன்றரை மீட்டர் பிசகும், அவ்வளவுதான். டென்னன்ட் ஒரு தோணியையும் ஒரு காதையும் வைத்துக்கொண்டு இடம் மாறி மாறிக் கேட்டதை, இந்த வரிசை ஒரே கணத்தில் நான்கு இடத்தில் நின்று கேட்கும். அவர் செய்ததில் இருந்த ஓட்டை, அவர் இடம் மாறுவதற்குள் பாடகர் வாயை மூடிக்கொண்டாரா என்பது தெரியாது என்பதே.

இன்னொரு ஓட்டையும் உண்டு. ஆழமில்லாத தண்ணீரின் குணம் அது. ஆழ்கடலில் ஒலி தாராளமாகக் காலை நீட்டும். வாவியில் மேலே நீர்ப்பரப்பு, கீழே தரை, இரண்டுக்கும் நடுவே மோதி மோதிப் போக வேண்டும். கூட்டமில்லாத கல்யாண மண்டபத்தில் மைக் வைத்துப் பேசினால் ஒரே வார்த்தை நாலு முறை கேட்குமே, அந்தக் கதி. அதோடு, தாழ்ந்த சுருதிக்கு அங்கே இடமே போதாது. நொடிக்கு 100 அதிர்வுள்ள ஒலியின் அலை நீளம் தண்ணீரில் 15 மீட்டர். தரை கெட்டியாக இருந்தால், ஆழத்தைப்போல் நான்கு மடங்குவரை நீளமுள்ள அலைகள்தான் தூரம் போகும் என்பது கணக்கு. 3 மீட்டர் ஆழத்தில் 125 அதிர்வுக்குக் கீழே உள்ளது ஓடாது, 1 மீட்டர் ஆழத்தில் 375-க்குக் கீழே ஓடாது. தரை சேறானால் கணக்கு மாறும், ஆனாலும் போக்கு அதுதான். அப்படியானால் டென்னன்ட் தோணியை நகர்த்தியதும் ஒலி நின்றது என்பதற்குச் சிப்பிதான் காரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் ஆழம் குறைந்த திட்டைத் தாண்டியிருந்தாலே அடித்தொண்டைச் சத்தம் செத்துப்போயிருக்கும். ஓரிடத்திலேயே இருந்து பாடுகிற மீன்களும் உலகத்தில் உண்டு. அதற்குச் சாட்சி கலிபோர்னியாவில் இருக்கிறது.

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஓரத்தில் சாசலீட்டோ என்ற ஊர். அங்கே மிதக்கும் வீடுகளில் நிறையப் பேர் குடியிருக்கிறார்கள். 1980களில் கோடை இரவுகளில் வீட்டின் அடித்தளத்திலிருந்து ஒரு ரீங்காரம் எழுந்து அவர்களைத் தூங்கவிடாமல் செய்தது. கழிவுநீர்ப் பம்பு என்றார்கள், மின்சாரக் கேபிள் என்றார்கள், கடற்படையின் ரகசியச் சோதனை என்றும் சொன்னார்கள். கடைசியில் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்தின் ஜான் மக்காஸ்கர் அது ஒரு தேரை மீனின் வேலை என்று கண்டுபிடித்தார். ஆண் மீன் ஆழமில்லாத கரையோரத்தில் கல்லுக்கடியில் கூடு பிடித்து உட்கார்ந்துகொண்டு, பெண் மீனை வரவழைக்க, நொடிக்கு நூறு அதிர்வை ஒட்டிய சுருதியில் நெடுநேரம் முனகுகிறதாம். இடத்தைவிட்டு அசையாது. டென்னன்டின் 'அசையாத பாடகர்' என்ற விவரணைக்கு இந்த மீனும் பொருந்தும்தானே? தேரை மீன் குடும்பத்தைச் சேர்ந்தவை நம் பக்கத்துக் கரையோரங்களிலும் உண்டு. மட்டக்களப்பில் பாடுவது அதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. யாரும் இடம் குறித்துப் பார்க்கவில்லை என்கிறேன்.

நண்பர்களின் கட்சிக்கு இதில் ஒரு பதிலும் இருக்கிறது. மர்மம் உடைந்ததும் சாசலீட்டோக்காரர்கள் அந்த மீனை வெறுக்கவில்லை. அதன் பேரில் ஊரில் திருவிழாவே எடுத்தார்கள். நாதஸ்வரத்தின் சீவாளி நாணலில் செய்யப்படுவது என்று தெரிந்தபின் யாருக்காவது தோடி கசந்ததா?

"அதெல்லாம் மீன்காரனுக்குத் தெரியாததா, மெஷின் எதற்கு" என்பது இன்னொரு கட்சி. இதில் பாதி உண்மை. நம் கரையில் 'கீச்சான்' என்று ஒரு மீன். பிடித்ததும் கீச்சிடும், அதனால் அந்தப் பெயர். பள்ளிக்கரணையிலிருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்தினர் ஆழமில்லாத கடலில் ஒலிவாங்கிகளை வரிசையாகக் கட்டிக் கேட்டுக் கடலின் பின்னணி இரைச்சலை அளந்து வருகிறார்கள். கோவாப் பக்கக் கடலில் அவர்கள் பதிவு செய்த கூட்டு இசை இந்தக் கீச்சான் இனத்தினுடையது. நம் வலைஞர்கள் என்றைக்கோ பெயரிலேயே எழுதிவைத்ததை நிறுவனம் வரைபடத்தில் கண்டது. ஆனால் மீதிப் பாதியையும் சொல்ல வேண்டும். வலைஞரின் காது அவரோடு போய்விடும். எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு பலம், போன வருஷத்துக்கு இந்த வருஷம் கூடியதா குறைந்ததா என்பதெல்லாம் காதில் பதிவாவதில்லை.

இதுதான் என் கவலை. வாவியில் இப்போதெல்லாம் முன்போல் கேட்பதில்லை என்று அந்த ஊர் முதியவர்கள் சொல்வதாகப் படிக்கிறேன். இருக்கலாம். முப்பது வருஷப் போர் நடந்த மண் அது. போர்க்காலத்தில் நிலா இரவில் துடுப்பைக் காதில் வைத்துக்கொண்டு உட்காரும் மனநிலை யாருக்கு இருந்திருக்கும்? போர் முடிந்ததும் வாகனங்கள் பெருகின, பழைய பாலத்துக்குப் பக்கத்தில் புதுப் பாலம் வந்தது, தோணிகளில் மோட்டார் ஏறியது. பாலத்தின் மேல் ஓடும் லாரியின் அதிர்வு தூண் வழியாக நேரே தண்ணீருக்குள் இறங்கும். பாடகர் பாடுவதை நிறுத்திவிட்டாரா, அல்லது பாடுகிறார், நமக்குத்தான் இரைச்சலில் கேட்கவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய்கள், மருந்தும் வேறு. எதுவென்று சொல்ல நம்மிடம் பழைய அளவு எதுவும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கோப்பில் இல்லாத பொருள் காணாமல் போனால் புகார்கூடக் கொடுக்க முடியாது. இன்னும் பத்து வருஷம் கழித்து ஒருவர் "மீன் பாடியது என்பதே கட்டுக்கதை" என்று எழுதினால் மறுப்பதற்கு நம் கையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பயணக் குறிப்பும், ஒரு செய்யுளும், பழைய ஒலிநாடாவும்தான் இருக்கும்.

நம் பக்கத்துக்கும் இது பொருந்தும். பாக் விரிகுடாவும் ஆழமில்லாத கடல்தான். அங்கே மிஞ்சியிருக்கும் கடல் பசுக்களுக்காக, நம் மீனவர்கள் ஆவுளியா என்று சொல்வார்களே, அதற்காகத் தமிழ்நாடு அரசு 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் கலங்கல் தண்ணீரில் மேய்கிற, மூச்சுக்கு மட்டும் மூக்கை நீட்டுகிற பிராணியைக் கண்ணால் எண்ணுவது எப்படி? தாய்லாந்தில் தலிபோங் தீவருகே ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தினர் தண்ணீருக்குள் ஒலிவாங்கிகளை வைத்து, கடல் பசு குருவிபோல் கீச்சிடுவதைக் கேட்டு, அது எந்த நேரத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார்கள். அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு சின்னக் குரல்!

எதிர்ப்பில் நான் ஒப்புக்கொள்கிற ஒன்று உண்டு. இந்தக் கலை போரில் வளர்ந்தது. க்யூரி சகோதரர்கள் 1880-இல் கண்ட படிகக் குணத்தை எடுத்து, பியேர் க்யூரியின் மாணவரான போல் லாஞ்ஜவேன் முதல் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவி செய்தார். இரண்டாம் போரில் அமெரிக்கர்கள் நீர்மூழ்கிக்காகக் காது கொடுத்தபோது, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் விடாத படபடப்பு கேட்டுக் குழம்பினார்கள். அது வெறும் சொடுக்கு இறால். அது கொடுக்கை மூடும் வேகத்தில் ஒரு குமிழி உண்டாகி உடைகிற சத்தம் என்பது 2000-இல்தான் தெரிந்தது. கரையோரக் கடலில் கேட்கும் எதுவும் எந்த நாட்டிலும் கடற்படைக்கு வேண்டிய தகவல், ஆகவே அலமாரிக்குள் பூட்டப்படும். போரைப் பார்த்த வாவியில் யாரோ வெளியூரார் இரவில் கம்பி இறக்கினால் ஊரார் சந்தேகப்படுவதும் நியாயம்.

அதனால் என் யோசனையில் சில நிபந்தனைகள் உண்டு. கருவியை எந்த நாட்டு நிறுவனம் கொடுத்தாலும், வேலையை மட்டக்களப்பிலேயே இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவர்கள் செய்ய வேண்டும். பதிவின் ஒரு முழுப் பிரதி அந்த ஊர்ப் பொது நூலகத்தில், யார் கேட்டாலும் போட்டுக் காட்டும்படி இருக்க வேண்டும். ஒரு பௌர்ணமியோடு மூட்டை கட்டக் கூடாது. முகத்துவாரம் திறக்கும்போது வாவியின் உப்பு மாறும். நல்ல தண்ணீருக்கும் கடல் தண்ணீருக்கும் ஒலி வேகத்தில் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் வித்தியாசம் உண்டு. ஆகவே உப்பையும் சூட்டையும் கூடவே அளந்து, அமாவாசை, பௌர்ணமி, மழைக்காலம், வறட்சி என்று ஒரு வருஷமாவது கேட்க வேண்டும். கழி நடும் இடத்தைத் துடுப்பில் கேட்டுப் பழகிய வலைஞர்களே காட்ட வேண்டும். பதிவு நடக்கும் இரவுகளில் அந்தப் பகுதியில் மோட்டார் தோணி ஓடக் கூடாது என்பதால், அன்றைக்கு வலை போடாதவர்களின் ஒரு நாள் வருமானத்தையும் திட்டச் செலவுப் பட்டியலில் முதல் வரியாகச் சேர்க்க வேண்டும்.